தாம்பாளத்தில் வைத்த நீல வயர்

சத்தம் வராமல் சொல்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருக்கிறாள், இன்னும் தூங்கியிருக்க மாட்டாள். காலையில் ஒரு ஆள் வரப்போகிறார். அவர் வருவதற்கு முன்னால் யாரிடமாவது இதைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு இதையெல்லாம் சொல்லத் தோன்றுமா என்று தெரியவில்லை.

என் பெயர் தன்ஷிகா. திருப்பூரில் பாலிடெக்னிக் முதல் வருஷம், நெட்வொர்க் பிரிவு. என் வயதுக்காரர்கள் எல்லோரையும் போல எனக்கும் வலது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சலில், மூளைக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் செய்தி போகிற பாதைகள் கருகிவிட்டன. அந்த வேலையை இப்போது ஸ்விட்ச் செய்கிறது. தூக்கத்துக்கு ஒரு போர்ட், அதாவது செய்தி போய்வருகிற ஒரு வாசல், பசிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. காலேஜ் லேபில் கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஸ்விட்ச் பேசுகிற அதே மொழிதான் இதுவும் பேசும்.

காற்று வழியாக யாரும் இதற்குள் நுழைந்துவிட முடியாது. அதற்கு இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் காது மடலுக்குப் பின்னால் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. அதுதான் கன்சோல் போர்ட். அதில் நீல வயரைச் செருகி, மறுமுனையைப் போனில் மாட்டினால் போதும். உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்ட் கேட்காது. கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருகிறது.

எங்கள் லேப் சார் அதற்குக் காரணம் சொன்னார். "கொழந்தைக்கு வலிப்பு வருது. அம்மாக்காரி கை நடுங்கிட்டே வயரச் செருகறா. அப்பப் போயி பாஸ்வேர்ட் என்னன்னு கேட்டா அவ என்ன பண்ணுவா? அதுவுமில்லாம, காதுக்குப் பின்னால வயரச் செருகற அளவுக்குக் கிட்ட வர்றது யாரு? சொந்தக்காரங்கதானே. அவங்கள நம்பித்தான் இப்பிடிச் செஞ்சுருக்கான்."

வகுப்பில் பெண்கள் யாரும் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் வயர் மாற்றுவார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, மஞ்சள், தேங்காயோடு பெண்ணின் வயரைச் சுருட்டி வைத்து, பெண்ணின் அம்மா மாமியார் கையில் கொடுப்பாள். மாமியார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மாப்பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால் அதே ஸ்விட்ச்தான். அவருடைய வயர் அவர் அம்மாவிடமே இருக்கும். அதைத் தட்டில் வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அக்கா சொல்கிற வரைக்கும் எனக்கும் தோன்றியதில்லை.

அக்கா பெயர் பிரணிதா. பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிற வேலை. வீட்டுக்கு யார் வந்துவிட்டுப் போனாலும், அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அவர்களை மாதிரியே நடந்து காட்டுவாள். சிரிக்க ஆரம்பித்தால் நிற்காது, விக்கலில்தான் போய் முடியும். மூன்று மாப்பிள்ளைகளை விரட்டியவள். ஒருவர் "சமைக்கத் தெரியுங்களா?" என்று கேட்டதற்கு, "உங்களுக்குச் சாப்பிடத் தெரியுங்களா? தெரிஞ்சா அடுப்புக்கும் வழி தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

நாலாவது வரன் வருவதற்கு முந்தின நாள், அக்கா தூங்கும்போது அம்மா அவளுடைய கோப போர்ட்டை மூடிவிட்டாள்.

அவர்கள் வந்த அன்றைக்கு அக்கா சிரித்துக்கொண்டே காப்பித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா, "எங்க பையனப் புடிச்சிருக்குதா கண்ணு?" என்றார். "சரிங்க" என்றாள். அது கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. ஆனால் எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டி வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் அம்மா போர்ட்டைத் திறந்துவிட்டாள். அக்கா சமையலறையில் இருந்த பீங்கானை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு உடைத்தாள்.

"நேத்து நானாம்மா சரின்னேன்? சொல்லு, நானா சொன்னேன்?"

"மறுக்கா வயர எடுக்கட்டுமா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

எங்கள் இரண்டு பேர் வயரும் அம்மாவின் பீரோவில் இருக்கும், சாவி அவள் இடுப்பில். கடையில் போய்க் கேட்டாலும் கல்யாணமாகாத பெண்ணுக்கு வயர் தரமாட்டார்கள். அதனால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வரை எங்களுக்கு வழியே கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் மண்டபத்தில், மணப்பெண் அறையில், வயர் தாம்பாளத்தில் வந்து உட்கார்ந்தது. மேலே மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். மேக்கப் போடுகிற பெண் சாப்பிடப் போனதும் அக்கா கதவைத் தாழிட்டாள்.

"தன்ஷி, வாடி. சீக்கிரம். எனக்கு ஒரு பூட்டு போட்டு விடு."

"நீயே போட்டுக்க முடியாதா?"

"வயரச் செருகுனா கை கால் வராதுன்னு தெரியாதா உனக்கு? கண்ணும் காதும் மட்டுந்தான் வேல செய்யும். நீதான் போடோணும். வேற ஆரு இருக்கறாங்க எனக்கு?"

"போட்டுட்டு இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொல்லிரு."

"வெளிய அப்பா பந்தி விசாரிச்சுட்டிருக்காரு. இப்பச் சொன்னா அங்கியே விழுந்துருவாரு. போறேன்டி. முழிச்சுட்டுப் போறேன். அங்க புடிக்கலீன்னா முழிச்சுட்டே திரும்பி வந்தர்றேன். சரின்னாலும் மாட்டேன்னாலும் நான்தான் சொல்லோணும். எனக்கு அது போதும்."

மல்லிகைச் சரத்தைக் கழற்றிவிட்டு வயரை எடுத்தேன். செருகியதும் அவள் தோள்கள் தொய்ந்தன. அவ்வளவு நேரம் பேசிய வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. போனைப் பார்த்தேன். லேப் சார் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்வார். அக்காவை அப்படியே என் போனில் ஒரு காப்பி எடுத்து வைத்தேன். பிறகு கன்சோல் லைனுக்குள் போனேன். பாஸ்வேர்ட் கொடுத்தேன். அடுத்த வரியில் லாகின் என்று தனியாக அடித்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்த வரியைத்தான் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் உள்ளே இருக்கும், ஆனால் வருகிறவரிடம் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். பூட்டை வாங்கிக் கதவில் மாட்டாமல் அலமாரியில் வைக்கிற மாதிரி.

பாஸ்வேர்டை அக்கா முன்னாலேயே சொல்லியிருந்தாள். புளிச்சமோரு. வரப்போகிற மாமியாருக்கு அவள் வைத்த பெயர். யார் எது சொன்னாலும் அந்த அம்மாவின் உதடு அப்படிச் சுருங்கும்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. வயரை உருவிவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, பாஸ்வேர்ட் தெரியலீன்னா ஸ்விட்ச் மேல இருக்கற பட்டன அமுக்கி உள்ள போறதுக்கு ஒரு வழி இருக்குது. அதையும் அடச்சுரலாம். ஆனா அடச்சதுக்கப்பறம் ஆராச்சும் அமுக்குனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுரும். நீ... நீயா இருக்கறதெல்லாம்."

அக்கா சிரித்தாள். "அழிச்சுப்போட்டு? வெறும் ஆள வெச்சுட்டு என்ன பண்ணுவாங்க? போடு போடு. அதச் சொன்னாலே பயந்துக்குவாங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போட்டுச் சேமித்தேன். வயரைச் சுருட்டி மறுபடி மல்லிகை சுற்றினேன்.

மறுநாள் அந்த அம்மா தாம்பாளத்தை வாங்கி, வயரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது அக்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

முதல் வாரம் முழுக்கப் போன் வரும். எடுத்ததுமே சிரிப்பாள். "நேத்து நான் தூங்கறேன்னு நெனச்சுட்டுப் புளிச்சமோரு வந்து வயரச் செருகுச்சுடி. பாஸ்வேர்ட் கேட்டுது. புருசன் பேரப் போட்டுப் பாக்குது, குலதெய்வம் பேரப் போட்டுப் பாக்குது, என்ற பேர எல்லாம் போட்டுப் பாக்குது. அசைய முடியாம உள்ளயே நான் சிரிக்கறேன்!" மாமாவைப் பற்றிக் கேட்டேன். மாமா பெயர் சஞ்சித். "அந்தாளு பரவால்லடி. நான் அவிய அம்மா மாதிரி நடந்து காட்டுனா வாயப் பொத்திட்டுச் சிரிக்கறாரு. அம்மா முன்னாடிதான் வாயே இருக்காது."

அந்தப் போன்களும் ஒரு நாள் நின்றுபோயின.

போன் நின்ற இரண்டாவது நாள் அக்காவின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். சோபாவில் உட்கார்ந்து காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

"கண்ணு, பூட்டு போட்டது நீயாத்தான் இருக்கோணும். படிக்கற புள்ள. பாஸ்வேர்டச் சொல்லு சாமி. அத்த போயிடறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லு புள்ள" என்றாள் அம்மா. "பெரியவங்க கேக்கறாங்கல்ல?"

"எனக்குத் தெரியாதுங்க."

"சரி, பரவால்ல" என்றார் அத்தை. "ஸ்விட்ச் கடைக்காரர வரச்சொல்லி வீட்டுலதான் உக்கார வெச்சுருக்குது. உங்கக்காளுக்கு வயர் செருகித்தான் இருக்குது. பட்டன அமுக்குனா தெறந்துக்குமாமா."

எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாளே.

"அமுக்காதீங்க அத்த! அமுக்குனா எல்லாமே அழிஞ்சுரும்!"

அத்தை காப்பியைக் கீழே வைத்தார். "எல்லாமுன்னா?"

"எல்லாந்தானுங்க! அவளுக்கு அவளையே தெரியாது. எங்களத் தெரியாது. எது புடிக்கும், எது புடிக்காது, ஒண்ணுமே இருக்காது."

"சமையலு?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. "என்னங்க?"

"சமையல் தெரியுமா, மறந்துருமா? நடக்கறது, பேசறதெல்லாம்?"

நான் உண்மையைத்தான் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. "கைப்பழக்கம் போகாதுங்க. பேச்சும் போகாது. அது வேற எடத்துல இருக்குது."

அத்தை என் அம்மாவைப் பார்த்தார். என் அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அத்தை கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஆமாங்க, நான்தான். அமுக்கிருங்க."

"புளிச்சமோரு!" என்று கத்தினேன். "புளிச்சமோருங்க அத்த, அதுதான் பாஸ்வேர்ட்! வேண்டாம்னு சொல்லுங்க! புளிச்சமோரு!"

அத்தை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உதடு மட்டும் அக்கா நடித்துக் காட்டுகிற அதே மாதிரி சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல பேருதான். இப்ப எதுக்குக் கண்ணு அது?"

அம்மா எழுந்தாள். அடிக்கப் போகிறாளோ, அழப் போகிறாளோ என்று நினைத்தேன். "காப்பி ஆறிப்போச்சுங்க சம்மந்தி. சூடு பண்ணிட்டு வரட்டுங்களா?" என்றாள்.

ஆடிக்குப் புதுப்பெண்ணை அழைத்து வருவார்களே, அப்படி முந்தாநாள் அக்கா வந்தாள். வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து, "தங்கச்சிங்களா? போட்டோவுல காட்டுனாங்க. நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவளைவிட எட்டு வயது சின்னவளான என்னைப் பார்த்து 'ங்க' போட்டாள். நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கொண்டுவந்து விட்ட சஞ்சித் மாமா திரும்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தன்ஷிகா, அவ ஒரு மாதிரி சிரிப்பாளே, கடைசில விக்கல் வருமே. அது எப்பிடி வரும்? முன்னாடி சத்தம் வருமா, இல்ல தோள் குலுங்குமா? எனக்கு மறந்துட்டே வருது."

"உங்கம்மாகிட்டக் கேளுங்க" என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மட்டும் இரண்டு நாளாகச் சந்தோஷமாக இருக்கிறாள். யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அக்கா பாத்திரத்தை விளக்குகிறாள். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள். அப்பாதான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

இன்று சாயந்திரம் அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு அந்தக் கடைக்காரரு வர்றாரு. உன்னையும் ஒருக்காப் பாத்துரலாம். அத்தைக்கு ரெண்டாவது பையன் ஒருத்தன் இருக்கான்ல? நீ படிச்சு முடிச்சதும் அங்கியேன்னு பேசி வெச்சாச்சு."

"என்னையும் அழிக்கப் போறியா?"

"என்ன பேச்சு பேசற? கோவத்தையும் புடிவாதத்தையும் மட்டுந்தான். ஒழுங்கா இருந்தா அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"அம்மா, அவ செத்துப் போயிட்டாம்மா!"

அம்மா மடித்த துணியை மறுபடி உதறினாள். "அவ அழுது பாத்தியா நீ? வந்ததுலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீரு? உங்கப்பன் வீட்டுக்கு நான் வந்தப்ப எனக்கு இப்பிடி ஒரு ஓட்டை இல்ல. வாங்குன அடி அத்தனையும் முழிச்சுட்டே வாங்குனேன். ஆராச்சும் வந்து லைட்ட அணைக்கற மாதிரி என்னைய ஒரு நிமிசம் அணைச்சு வெக்க மாட்டாங்களான்னு கெடந்தேன். உங்களுக்குக் கெடைச்சிருக்குது. அருமை தெரியல."

என் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

கடைக்காரருக்காக என் வயரைப் பீரோவிலிருந்து எடுத்து சாமி அறையில் வைத்திருந்தாள். எல்லோரும் படுத்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா என் அறையில்தான் படுத்திருக்கிறாள். என் போனில் பழைய அக்கா இருக்கிறாள். இவள் காதில் வயரைச் செருகி அந்தக் காப்பியைத் திரும்ப ஏற்றிவிட்டால் போதும். அவள் முடியை ஒதுக்கிச் செருகினேன்.

பாஸ்வேர்ட் கேட்டது.

பூட்டு போட எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். புளிச்சமோரு என்று போட்டேன். தவறு. மாமா பெயரைப் போட்டேன். தவறு. இன்னும் ஒரு தடவை தவறினால் எல்லாம் அழிந்துவிடும் என்று திரையில் வந்தது. நான் போட்டதைவிடக் கெட்டியான பூட்டு. இருக்கிற இந்த அக்காவையும் அழித்துவிடுவேனோ என்று பயந்து வயரை உருவிவிட்டேன்.

அக்கா கண் விழித்திருந்தாள். "ஏதாச்சும் வேணுங்களா?"

"அக்கா, உனக்குப் பாஸ்வேர்ட் தெரியுமா?"

"இல்லீங்க. அத்தைக்குத் தெரியும்."

அப்போதுதான் அது தோன்றியது. அவளை என்னால் திறக்க முடியாது. ஆனால் என்னை நான் சாத்திக்கொள்ளலாம். என் கையால் முடியாது, அவள் கையால் முடியும். முழுசாகச் சொன்னேன், மண்டபத்தில் நடந்ததைக்கூட. அவள் யாரோ ஒருத்தியின் கதை மாதிரி, பாவமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். என்னென்ன வரிகள் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டு அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"மொதல்ல கன்சோல் லைன். அப்பறம் பாஸ்வேர்ட். அப்பறம் லாகின். அத மறக்கக் கூடாது. கடைசில சேமிக்கோணும். சரிங்களா?"

"சரிக்கா. சரி. பட்டன அடைக்கற வரி மட்டும் வேண்டாம்."

வயரை அவள் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முடியை ஒதுக்கி, ரப்பர் மூடியை நானே கழற்றினேன். அவள் விரல் காதில் பட்டது. சின்ன வயதில் பேன் பார்க்கும்போது தொடுகிற அதே விரல், அதே மெதுவு. கைப்பழக்கம் போகாது என்று நான்தானே சொன்னேன்.

விரல் நின்றுவிட்டது.

"அத்தைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தரட்டுங்களா?"

"வேண்டாங்க்கா! யாருகிட்டயும் கேக்க வேண்டாம். போடு."

"கேக்காம எதையும் செய்யக் கூடாதுங்க."

"யாரு சொன்னா அப்பிடி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆரும் சொல்லலீங்க. உள்ளயே இருக்குது."

வயரோடு எழுந்து போய்விட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கோபப்படவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனாள். நான் உள்தாழ் போட்டுக்கொண்டு உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹாலில் அவள் குரல் கேட்கிறது. "தூங்கிட்டீங்களா அத்த... இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்... சின்னவங்கதான்... பூட்டு போடச் சொல்றாங்க..." அப்புறம் வெகுநேரம் ம், ம் என்று மட்டும் கேட்டது.

இப்போது அம்மாவின் கட்டில் கிரீச்சிடுகிறது. கதவுக்கு அடியில் வெளிச்சம் விழுகிறது. இரண்டு பேர் நடந்து வருகிற சத்தம். நான் காதுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா கதவைத் தட்டுகிறாள். பழைய குரல்தான். எனக்கு நல்லது கொண்டுவந்திருக்கிற மாதிரி, அவ்வளவு ஆசையாகச் சொல்கிறாள்.

"தெறங்க. அத்த சரின்னுட்டாங்க. பாஸ்வேர்ட் மட்டும் அவங்களே சொல்றாங்களாமா."